தங்கை என்று போட்டிருக்கிறேன்

ஜனவரி 9

அன்புள்ள நெட்டை,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. இதுவரை ஒரே ஒரு கடிதம் போட்டிருக்கிறாய். அதிலும் பாதி உன் புது வீட்டுக் குழாயில் வெந்நீர் வராத கதை. போனில் பேசலாம் என்றால் நான் சும்மா இருக்கும்போது நீ வகுப்பில் இருக்கிறாய். அப்படியே பேசினாலும் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே கால் மணி நேரம் போய்விடுகிறது. நமக்குக் கடிதம்தான் சரி. வீணாய்ப் போன பிரிண்ட்டின் முதுகில் எழுதுகிறேன். திருப்பிப் பார்த்தால் பல் டாக்டர் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி தெரியும். முகத்தைச் சுளிக்காதே, நீ வரைந்த தொட்டிதான் அது.

அலுவலகம் அப்படியே இருக்கிறது. கீழே மெத்தைக் கடையிலிருந்து பஞ்சு பறந்து வந்து ஜன்னல் கம்பியில் ஒட்டிக்கொள்கிறது. காலையில் வந்ததும் முதல் வேலை அதைத் துடைப்பதுதான். உன் மேசையை எடுத்துவிடச் சொன்னாய். எடுக்கவில்லை. அதன்மேல் சுருள்களை அடுக்கி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் "உயரமா ஒரு மேடம் இருப்பாங்களே, எங்க?" என்று கேட்கிறார்கள். லீவில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பதினோரு வருடம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வரைந்துவிட்டு, காலேஜில் பாடம் சொல்லித் தரப் போய்விட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றிக்கொண்டு வருகிறது. ஆளை உயரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாள். நான் வாசலில் நின்றதும், "சின்னவளா? நிழல் தாழ்ப்பாளுக்குக் கீழேயே நின்னுடுச்சே" என்கிறாள். உன் அம்மா அல்லவா, வேறு எப்படிப் பேசுவாள்.

இப்போது என் தலைவலிக்கு வருகிறேன். கட்டட அனுமதி அலுவலகத்தில் இனிமேல் புது வகைக் கோப்புகளை மட்டும்தான் வாங்குவார்களாம். நம்முடைய பழைய சாஃப்ட்வேர் அந்த வகையில் தராது. புதியதன் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் போனை வைத்துவிட்டேன். நெட்டில் யாரோ ஒருவன் பத்தில் ஒரு பங்கு விலைக்கு அதைத் திறக்கும் சாவி எண்ணைத் தருகிறேன் என்கிறான். மெத்தைக் கடைக்காரர், "கண்ண மூடிட்டு வாங்குங்கம்மா" என்கிறார். கண்ணை மூடிக்கொண்டு மெத்தை வாங்கலாம். அந்தச் சாவி எந்த ஊரில் யாரிடம் திருடியதோ. நான் பதிவு பெற்ற வரைபடக்காரி, அந்தப் பதிவு எண்தான் எனக்குச் சோறு போடுகிறது. என் வீட்டுக்காரரும் யோசித்துச் செய் என்கிறார். அவர் வேலை பார்க்கும் குடிநீர் நிலையத்தில் ஒரு திருகாணி வாங்கக்கூட மூன்று கையெழுத்து வேண்டும், அவரிடம் போய்க் கேட்டேன் பார்.

நீதான் ஒரு வழி சொல்ல வேண்டும்.

உன்,
குட்டை


ஜனவரி 24

அடி குட்டை,

கழிவுநீர்த் தொட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. இங்கே ஆசிரியர் அறையில் வைத்துப் பிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ பெரிய திட்டம் என்று நினைத்து மரியாதையாகத் தலையை ஆட்டினார். இந்த இரண்டு மாதத்தில் அவர் எனக்குச் செய்த ஒரே மரியாதை அதுதான்.

உன் தலைவலிக்கு மருந்து கிடைத்துவிட்டது. எங்கள் காலேஜ் ஆசிரியர்களுக்கு அதே சாஃப்ட்வேரை அதே கம்பெனியே அடிமாட்டு விலைக்குத் தருகிறது. நெட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம். திருட்டும் இல்லை, புரட்டும் இல்லை. ஆசிரியருக்கு ஒன்று, கூடவே அதே வீட்டில் இருக்கும் ஒருவருக்கு ஒன்று. எனக்கு இங்கே கூட இருப்பது ஒரு பல்லிதான், அதற்கு வரையத் தெரியாது. அதனால் உன்னைப் போட்டுவிட்டேன். உறவு என்ற கட்டத்தில் தங்கை என்று போட்டிருக்கிறேன். நான்கு மாதம் மூத்தவள் நான், எனக்கு அந்த உரிமை உண்டு. முகவரிக்கு என் முகவரி. கம்பெனிக்காரன் வந்து வீட்டில் எத்தனை செருப்பு கிடக்கிறது என்று எண்ணவா போகிறான்? சாவியை இத்துடன் எழுதி வைத்திருக்கிறேன், போட்டுக்கொள்.

இன்னொன்றும் மெயிலில் அனுப்பியிருக்கிறேன். புது சாஃப்ட்வேரில் நான் முதலில் வரைந்தது நம் படிக்கட்டு. ஒரு படி ஆறு அங்குலம், அதற்குமேல் ஒரு நூல்கூடக் கிடையாது. நம் முதல் கட்டடத்தில் ஏழரை அங்குலப் படியில் ஏறி, நடுவில் உட்கார்ந்துகொண்டு, "நெட்டச்சிங்க எல்லாம் சேர்ந்து உலகத்தக் கட்டிட்டீங்கடி" என்று என்னைத் திட்டினாயே. அன்றிலிருந்து எனக்கு ஆறு அங்குலம்தான். கோப்புக்குக் குட்டைப்படி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இங்கே எல்லாம் சுத்தமாக இருக்கிறது. மதியம் தனியாகச் சாப்பிடுகிறேன். யாரும் யாருடைய டப்பாவையும் எட்டிப் பார்ப்பதில்லை. சில நாள் உன்னோடு சண்டை போட வேண்டும் போல இருக்கிறது.

அம்மாவின் கண்ணைக் காட்டு. உன்னைத் தவிர எனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

உன்,
நெட்டை


பிப்ரவரி 6

அன்புள்ள நெட்டை,

சாவியைப் போட்டேன், திறந்தது. கோடு இழுத்தால் வெண்ணெயாய் வருகிறது. நம் பழையதில் ஒரு வட்டம் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், இது அப்படியில்லை.

ஆனால் திறப்பதற்கு முன் ஒரு பக்கம் வந்தது. படிப்பதற்கும் கற்பிப்பதற்கும் மட்டுமே பயன்படுத்துவேன், வருமானம் வரும் வேலைக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி ஒரு கட்டம். கையை மவுஸ்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு நீதான் சொன்னாயே என்று டிக் போட்டேன். இல்லை, உன்மேல் பழி போடக் கூடாது. பெரிய வேலை ஒன்று கைக்கு வந்திருக்கிறது, அதை விட மனமில்லை. அதனால்தான் போட்டேன்.

வேலை என்னவென்றால், வயதானவர்களுக்கு ஒரு விடுதி. நான்கு மாடி, அறுபத்து நான்கு தாள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தபோதுகூட இவ்வளவு பெரியது வந்ததில்லை. லிஃப்ட் இருக்கிறது. ஆனாலும் விடுதியை நடத்தும் அம்மா, "படிக்கட்டு நல்லா இருக்கணும். லிஃப்ட் நின்னா அவங்க எறங்கணும்ல" என்றார். உன் ஆறு அங்குலப் படியைக் காட்டினேன். அந்த இடத்திலேயே வேலையைக் கொடுத்துவிட்டார்.

இன்னொன்று செய்தேன், சிரிக்காதே. ஒவ்வொரு புது வரைபடத்தையும் நாம் ஒரு தொடக்கத் தாளிலிருந்துதானே ஆரம்பிப்போம்? எல்லைக்கோடு, பெயர்ப் பெட்டி எல்லாம் போட்டு வைத்தது. அதன் மூலையில் உன் குட்டைப்படியை வைத்துவிட்டேன். இனி நான் எந்தத் தாளைத் திறந்தாலும் நீ ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாய். பழைய கோப்புகளில் இருந்த படிக்கட்டுகளையும் எடுத்துவிட்டு இதையே போட்டேன். எதிர் மேசை காலியாக இருப்பது இப்போது அவ்வளவு உறுத்தவில்லை.

அந்த டிக் மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. சரிதானா என்று நேராகச் சொல்.

உன்,
குட்டை


பிப்ரவரி 20

அடி குட்டை,

ஆளே இல்லாத ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவள் நீ. ஒரு டிக் போட்டதற்கு இப்படியா? இங்கே பாதி ஆசிரியர்கள் இதை வைத்துத்தான் வெளிவேலை செய்கிறார்கள். ஒன்றும் ஆகாது. நான் சொல்கிறேன், பேசாமல் வரை.

எனக்கு மே மாதம் வேலையை நிரந்தரம் செய்வார்கள். அதுவரை நடத்தைக் குறிப்பு, வகுப்புக் குறிப்பு என்று என் தலைக்குமேல் ஒரு கோப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. துறைத் தலைவி பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற ரகம். போன வாரம் பிரிண்டரில் சொந்தத் தாள் ஒன்று எடுத்ததற்கு ஒருவரைக் கூப்பிட்டு விசாரித்தார். நிரந்தரம் ஆனதும் அம்மாவை இங்கே கூட்டி வந்துவிடலாம் என்று இருக்கிறேன். அதை நினைத்துத்தான் இந்த ஊமை ஊரில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

தாளின் மூலையில் என்னை உட்கார வைத்ததைப் படித்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். யாரிடமும் சொல்லாதே.

உன்,
நெட்டை


மார்ச் 18

நெட்டை,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இந்தத் தாளைத் திருப்பிப் பார். நான்கு ஓரத்திலும் ஒரு வரி ஓடுகிறதா? "கல்விப் பயன்பாட்டுக்கான பதிப்பில் தயாரானது." திரையில் அது தெரியவே தெரியாது, பெரிய தாளில் அச்சடித்தால்தான் வரும். சின்ன வீடுகளுக்குக் கோப்பை மட்டும் அனுப்பினால் போதும். மூன்று மாடிக்கு மேல் போனால் தாளும் கேட்பார்கள். நான் கோப்புகளைப் பிரிண்ட் கடைக்கு நேரே அனுப்பிவிட்டேன், விடுதி ஆள் வாங்கிக்கொண்டு போய் அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். அறுபத்து நான்கு தாளும் என் கையெழுத்தோடும் என் பதிவு எண்ணோடும் போயிருக்கின்றன. ஒவ்வொன்றின் நான்கு ஓரத்திலும் அந்த வரி இருக்கிறது.

அனுமதி அலுவலக இன்ஜினியர் கூப்பிட்டு அனுப்பினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. உட்காரச் சொன்னார். என்னுடைய பழைய வேலைகளில் இந்த மாதம் திருத்திக் கொடுத்த இரண்டையும் அச்சடித்து வைத்திருந்தார். அவற்றிலும் இதே வரி. எனக்கு ஒன்றும் புரியவில்லை, அவை பழைய சாஃப்ட்வேரில் வரைந்தவை என்று சொன்னேன். அவர்தான் தேடிக் கண்டுபிடித்தார். அந்தப் பதிப்பில் வரைந்த எதையும் இன்னொரு கோப்பில் ஒட்டினால் அந்தக் கோப்பு முழுவதும் அதுவாகிவிடுமாம். "உங்க படிக்கட்டுதான்மா எல்லாத் தாளையும் கெடுத்திருக்கு" என்றார்.

தொடக்கத் தாளிலேயே அல்லவா வைத்தேன். இந்த ஒன்றரை மாதத்தில் நான் தொட்டது எல்லாம் போயிற்று.

ஏப்ரல் இருபத்தைந்துக்குள் முறையான உரிமத்துக்குச் சான்று கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பதிவை நிறுத்தி வைப்பார்கள். நான் கம்பெனிக்கு எழுதினேன். பதில் நல்லவிதமாகத்தான் வந்திருக்கிறது. மீதி விலையைக் கட்டி இதையே அலுவலக உரிமமாக மாற்றிக்கொள்ளலாம், அந்த வரியையும் அவர்களே எல்லாக் கோப்பிலிருந்தும் நீக்கித் தருவார்கள். ஒரே ஒரு நிபந்தனைதான். கணக்கு உன் பெயரில் இருப்பதால் நீ ஒரு வரி எழுத வேண்டும். இவளுக்கு நான்தான் கொடுத்தேன், விதி தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று. அவ்வளவுதான்.

உனக்கும் இதில் சங்கடம் உண்டு என்று தெரியும், காலேஜுக்குத் தகவல் போகும் என்று எழுதியிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன். எனக்கு இந்தப் பதிவு எண்ணைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. எழுதுவாயா?

உன்,
குட்டை


மார்ச் 30

என் குட்டை,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாழாய்ப்போன படிக்கட்டு. ஆசையாக வரைந்து கொடுத்தேன், அது உன் கழுத்தையே பிடித்துவிட்டது. என்னைத் திட்டு, நன்றாகத் திட்டு.

எழுதாமல் இருப்பேனா? கட்டாயம் எழுதுகிறேன். ஆனால் எப்படி எழுதுவது என்று யோசிக்க வேண்டும். நிரந்தர உத்தரவுக்கான கூட்டம் ஏப்ரல் கடைசியில் இருக்கிறது. அது முடிந்த மறுநாள் எழுதினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. நீ அலுவலகத்தில் இன்னும் பத்து நாள் அவகாசம் கேட்டுப் பாரேன். அந்த இன்ஜினியர் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார்.

போன வாரம் கடையில் உன் அளவுக்கு ஒரு கம்பளிச் சட்டை பார்த்தேன். குழந்தைகள் பிரிவில்தான் இருந்தது. வாங்கி வைத்திருக்கிறேன். அம்மாவின் ஆபரேஷன் தேதி முடிவாகிவிட்டதா?

கொஞ்சம் பொறுத்துக்கொள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
நெட்டை


ஏப்ரல் 8

நெட்டை,

அவகாசம் கேட்டேன். அவர் கையில் இல்லையாம், மேலே போய்விட்டது என்றார். விடுதி அம்மா தினமும் போன் செய்கிறார். அவரிடம் கோபம் இல்லை. கவலைதான் இருக்கிறது, அதுதான் கஷ்டம்.

கம்பளிச் சட்டை வேண்டாம். ஒரு வரி போதும்.

அம்மாவுக்கு ஆபரேஷன் இருபத்தொன்பதாம் தேதி. முதலில் வலது கண். நான் கூட இருப்பேன், நீ கவலைப்படாதே.

குட்டை


ஏப்ரல் 17

என் குட்டை,

இனி நிம்மதியாக இரு. கம்பெனியிலிருந்து எனக்கும் கேட்டு எழுதியிருந்தார்கள், பதில் அனுப்பிவிட்டேன். இனி அவர்கள் இதைத் தோண்ட மாட்டார்கள். என் பக்கம் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. உனக்கும் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நம்புகிறேன்.

கூட்டம் இருபத்தேழாம் தேதி. துறைத் தலைவி நேற்று என்னைப் பார்த்துச் சிரித்தார், நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். இங்கே மரங்களில் இலை துளிர்க்கிறது. ஆசிரியர் அறை ஜன்னலைத் திறந்து வைக்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

அம்மாவிடம் பயப்படாமல் இருக்கச் சொல். நிரந்தரம் ஆனதும் மே மாதம் ஓடி வருகிறேன். உன் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க வாயடிக்க வேண்டும். என் மேசையில் இருக்கும் சுருள்களை இப்போதே எடுத்து வை.

உன்,
நெட்டை


மே 5

நெட்டை,

இது புதுத் தாள். திருப்பிப் பார்க்காதே, பின்னால் எதுவும் இல்லை.

உன் பதினேழாம் தேதிக் கடிதம் வந்த அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கீழே போய் மெத்தைக் கடைக்காரரிடம்கூட, என் சிநேகிதி எழுதிவிட்டாள் என்று சொன்னேன். "பரவாயில்லம்மா, உங்களுக்குன்னு ஒரு ஆள் இருக்கு" என்றார்.

இருபத்துமூன்றாம் தேதி அனுமதி அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். கம்பெனியின் பதில் அங்கேயே நேராக வந்திருந்தது. இன்ஜினியர் அதை என் பக்கம் திருப்பி வைத்தார். நான்கு வரிதான். கணக்கு உரிமையாளருக்குத் தங்கை யாரும் இல்லை, இந்தப் பெயருள்ளவரை அவருக்குத் தெரியாது, யாரோ அவருடைய கணக்கில் புகுந்து அந்தப் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும், சாவி எப்படி வெளியே போனது என்றும் அவர் அறியமாட்டார். நான் மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போது அவர் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

ஒரு விதத்தில் நீ எழுதியது உண்மைதான். உனக்குத் தங்கை இல்லை. உன்னைப் பெற்றவள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். ஆனால் தெரியாது என்று எழுதியிருக்க வேண்டாம், நெட்டை. என்னால் முடியவில்லை, எனக்கு வேலை முக்கியம், நீ எப்படியாவது பிழைத்துக்கொள் என்று எனக்கே எழுதியிருக்கலாமே. கோபப்பட்டிருப்பேன். அழுதிருப்பேன். ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். பிறகு நானே எழுதியிருப்பேன். உனக்கு அது தெரியாதா?

"சாவி யாரு குடுத்தா? திருட்டுச் சாவின்னு எழுதினா உங்க பதிவு மொத்தமாப் போயிடும்மா. யாராவது குடுத்திருந்தா சொல்லுங்க, எழுத்துல ஏதாவது இருந்தா காட்டுங்க" என்று அவர் கேட்டார். உன் ஜனவரிக் கடிதம் என் கைப்பையில் இருந்தது. உன் கையெழுத்தில், தங்கை என்று போட்டிருக்கிறேன் என்று. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு வாரமாக அதைச் சுமந்துகொண்டிருந்தேன். எடுத்து மேசைமேல் வைத்தால் போதும். பையின் ஜிப்பைத் திறந்துகூட விட்டேன். உள்ளே கையை விட்டு, கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மூடிவிட்டேன்.

நெட்டில் மலிவாகக் கிடைத்தது, விசாரிக்காமல் வாங்கிவிட்டேன், ஒப்புதல் கட்டத்தில் டிக் போட்டவள் நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். கடைசிப் பகுதி உண்மை. அவர் நம்பவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டார், முடிந்தவரை எனக்காகப் பேசவும் செய்திருக்கிறார். பதிவு மொத்தமாகப் போகவில்லை. ஒரு வருடம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விடுதி வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. விடுதி அம்மா போன் செய்து, "அந்தப் படிக்கட்டை மட்டும் அவர்கிட்ட குடுக்கலாமா?" என்று கேட்டார். கொடுக்கக் கூடாது என்றேன். காரணம் கேட்டார். அது தொட்ட தாளெல்லாம் கெட்டுவிடும் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்காது.

ஒரு வருடம் யாரிடமாவது சம்பளத்துக்கு வரையலாம், கையெழுத்து மட்டும் போட முடியாது. அதற்கும் சொந்த சாஃப்ட்வேர் வேண்டுமே என்று கம்பெனியின் பக்கத்தை முதல் தடவையாக மேலிருந்து கீழ்வரை முழுக்கப் படித்தேன். கேள். என்னைப் போலத் தனி ஆளாக நடத்தும் அலுவலகங்களுக்கென்று ஒரு தள்ளுபடி அவர்களே வைத்திருக்கிறார்கள். நேர்மையான தள்ளுபடி, வருமான வேலைக்கும் செல்லும். மூன்று வருடமாக இருக்கிறதாம். மாதாமாதம் கட்டிக்கொள்ளலாம், என்னால் முடிகிற தொகைதான். ஜனவரியில் நானும் பார்க்கவில்லை, நீயும் பார்க்கவில்லை. அலுவலகத்தில் எத்தனை பேர் என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. ஒன்று என்று போட்டேன்.

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக வரைந்தேன். ஒட்டவில்லை, நகல் எடுக்கவில்லை, ஒவ்வொரு கோடாக. தொடக்கத் தாளை அழித்துவிட்டு வேறு செய்தேன். பெயர்ப் பெட்டியில் உன் பெயர் இருந்த வரியை எடுத்துவிட்டேன். கடைசியில் படிக்கட்டு. நம் ஆறு அங்குலப் படி இருக்கும் பல் டாக்டர் வீட்டுக்கு டேப்பை எடுத்துக்கொண்டு போய், படியாகப் படியாக அளந்து வந்து வரைந்தேன். அந்த ஆறு அங்குலத்தை மட்டும் மாற்ற முடியவில்லை. என் கால் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நீ வரைந்த கோடு என்று இப்போது இந்த அலுவலகத்தில் ஒன்றுகூட இல்லை. அச்சடித்துப் பார்த்தேன், ஓரங்கள் சுத்தமாக வந்தன.

உன் மேசையை மெத்தைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். துணி வெட்ட உதவுகிறதாம்.

உன் ஜனவரிக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நகல் எதுவும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. இனி நீ பயப்பட வேண்டாம். இந்நேரம் உத்தரவு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். வந்திருக்கட்டும். அதை மனதாரத்தான் சொல்கிறேன்.

இப்போது அம்மா. இருபத்தொன்பதாம் தேதி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நடந்தது எதையும் அவளிடம் சொல்லவில்லை. காலையில் சேர்க்கும்போது நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு, பேஷன்ட்டுக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டாள். இத்தனை நாளும் எந்த ஆஸ்பத்திரியிலும் யோசிக்காமல் மகள் என்று சொல்லிவிடுவேன். அன்று தப்பாக எதையும் இனி எந்தக் கட்டத்திலும் எழுதக் கூடாது என்று இருந்தேன். "தெரிஞ்சவங்கன்னு போட்டுக்குங்க" என்றேன்.

அம்மா படுத்திருந்தவள் தலையைத் திருப்பினாள். கண்ணுக்கு மருந்து விட்டிருந்தார்கள், அவளால் எதையும் பார்க்க முடியாது. கையால் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ ஏதோ கோவத்துல இருக்காம்மா. நீ எழுதிக்கோ. அவ என் சின்ன மக."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். அம்மா கையெழுத்துப் போட்டாள், கோடு தாண்டிப் போயிற்று. ஆகவே உனக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் இருக்கிறது. அதைப் பற்றி உன்னை யாரும் கேட்க மாட்டார்கள்.

சொன்னபடி இந்த மாதம் வந்தால் அம்மாவைப் பார், அவளைக் கூட்டிக்கொண்டு போ. எந்த நாள் என்று அவளிடம் சொல்லிவிடு, அன்றைக்கு நான் அங்கே வராமல் இருந்துகொள்கிறேன். இனி எனக்கு எழுத வேண்டாம். அம்மாவுக்கு எழுது. வாராவாரம் எழுது, உன் கடிதத்துக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறாள். இன்னொரு கண்ணும் முடிந்து, கண்ணாடி வாங்கும்வரை அவளால் படிக்க முடியாது. நான்தான் படித்துக் காட்ட வேண்டும். என்னைப் பற்றி வழக்கம்போல விசாரித்து எழுது, இல்லையென்றால் அவளுக்குச் சந்தேகம் வரும். நீ எழுதுவது எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் படித்துக் காட்டுகிறேன்.

குட்டை